அமுக்கினால் அணையும் விளக்கு

எங்கள் அடுப்படிச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. கார் சாவி அதில்தான் தொங்கும். பகலில் அந்தக் காரை என் வீட்டுக்காரர் வாடகைக்கு ஓட்டுகிறார், சாயங்காலத்திலிருந்து என் தம்பி ஓட்டுகிறான். இருவரும் பங்கு போட்டு வாங்கிய வண்டி. ஒருவர் வந்து சாவியை மாட்டிவிட்டுப் போவார், இன்னொருவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். கையில் கொடுத்துக் கையில் வாங்கினால் என்ன என்று கேட்காதீர்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் ஒரு கீறல். பின்பக்கத்து பம்பரில், ஒரு விரல் நீளம்கூட இருக்காது. அவன் நேரத்தில் ஆனது என்று இவர், அத்தான் நேரத்தில் ஆனது என்று அவன். மழைக்காலத்தில் தொடங்கிய சண்டை, வெயில் வந்து மண்டையைப் பிளந்தும் ஓயவில்லை. கீறலைப் பெயிண்ட் அடித்து மறைத்தாயிற்று, பேச்சுதான் திரும்பி வரவில்லை. இத்தனைக்கும் தம்பி குடியிருப்பது எங்களுக்கு நேர் மேலே, மாடியில். அவன் நடந்தால் எங்கள் கூரையில் கேட்கும். "உன் தம்பிக்கு இன்னிக்கு தூக்கம் வரல போலிருக்கு" என்று இவர் கூரையைப் பார்த்து அக்கறையாகச் சொல்வார். படிக்கட்டில் நேருக்கு நேர் வந்தால் மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

நடுவில் நான். இந்தப் பக்கம் பெண்டாட்டி, அந்தப் பக்கம் அக்கா. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்.

கீறலுக்குப் பிறகு இருவரும் என் மூலமாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். யாருடைய நேரத்தில் வண்டிக்கு எது வந்தாலும் அவர்தான் அதைச் சரி செய்ய வேண்டும். அன்றிலிருந்து சாவியை எடுத்ததும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள். பெண் பார்க்க வந்தபோதுகூட என் வீட்டுக்காரர் என்னை அத்தனை உற்றுப் பார்க்கவில்லை. கொடுக்கிறவரும் லேசுப்பட்டவர் இல்லை, துடைத்து, மினுக்கி, குறை எதுவும் கண்ணில் படாதபடி நிறுத்திவிட்டுத்தான் படியேறுவார்.

நான் கடைகளுக்குப் பொட்டலம் போட்டு அனுப்பும் ஒரு குடோனில் வேலை பார்க்கிறேன். முந்திரி, திராட்சை, பருப்பு வகைகள். ஒருநாள் காலையில் இவர் என்னை அங்கே இறக்கிவிட வந்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. வாய் திறந்த சட்டி, அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி.

"என்னங்க இது?"

"டயர் லைட்டு."

"டயருக்கு என்ன?"

"காத்து கொஞ்சம் கம்மியா இருக்காம். அதுக்கு இதே வேலை. இப்ப பாரு." குனிந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே கைவிட்டு ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்தார். விளக்கு கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. "போச்சா? அவ்வளவுதான்."

"காத்து அடிக்க வேணாமா?"

"அடிச்சுக்கலாம். நீ உன் தம்பிகிட்ட உளறி வைக்காத. என் நேரத்துல வந்துச்சுன்னு தையத்தக்கான்னு குதிப்பான்."

அந்த வாரத்திலேயே தம்பி என்னைச் சந்தைக்குக் கூட்டிப் போனான். அதே சட்டி, அதே ஆச்சரியக்குறி. அவனும் அதே மாதிரி குனிந்தான், அதே இடத்தில் கைவிட்டான், நிமிர்ந்தான்.

"அக்கா, அத்தான்கிட்ட மூச்சு விடாத. என் தலையில கட்டிடுவாரு."

"போய் காத்து அடிச்சுட்டு வந்தா என்னடா? தெருமுனையிலதானே பஞ்சர் கடை."

"யாரு, ரேடியோகிட்டயா? நல்லா சொன்ன போ."

பஞ்சர் கடைக்காரருக்கு எங்கள் தெருவில் ரேடியோ என்று பெயர். ஒரு காதில் போட்டால் ஊர்க்காதில் விழும். தம்பி வந்து காற்றடித்துவிட்டுப் போனான் என்பது அவன் வண்டி தெருவைத் தாண்டுவதற்குள் அத்தானுக்குத் தெரிந்துவிடும். ஆகவே இருவரும் ரேடியோ பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பெட்ரோல் பங்க்கில் அடிக்கலாம்தான். அங்கே காற்று மெஷினுக்கு முன்னால் எப்போதும் வரிசை, சவாரி காத்திருக்கும், நாளைக்குப் பார்க்கலாம். எனக்கோ உள்ளூரச் சிரிப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், அதுவும் இருவரும் ஒரே பூசணிக்காயை. அமுக்கினால் போய்விடுகிற விளக்கு என்ன பெரிய நோயைச் சொல்லிவிடப் போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்றைக்குத் தம்பி மனைவியைப் பக்கத்து நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. எட்டாவது மாதம். இங்கே பார்க்கிற டாக்டர், குழந்தை திரும்பியிருக்கிற வாகு சரியாகத் தெரியவில்லை, அங்கே ஒரு தடவை ஸ்கேன் பார்த்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார். பகல் என்பதால் வண்டி இவர் கையில். தம்பி விடிய விடிய ஓட்டிவிட்டு வந்திருந்தான். மனைவியோடு போகத்தான் அவனுக்கு ஆசை, ஆனால் அத்தான் ஓட்டுகிற வண்டியில் ஏற மாட்டானாம். "நீ போய் தூங்குடா ராஜா" என்று நான்தான் விரட்டினேன். துணைக்கு என் மகளை அனுப்பினேன். பரீட்சைக்கு நடுவில் அவளுக்கு ஒரு நாள் விடுமுறை, படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு சும்மா இருப்பதற்கு அத்தைக்குத் தண்ணீர் பாட்டிலாவது பிடித்துக்கொள்ளட்டும்.

போதாததற்கு ஒரு தையல் மெஷின். தம்பி மனைவியின் அக்கா வீடு அந்த நகரத்தில்தான் இருக்கிறது. போகிற வண்டிதானே என்று பழைய இரும்பு மெஷினைப் பின்னால் ஏற்றினார்கள். வண்டி ஒரு முக்கு முக்கியது.

"அண்ணி, போயிட்டு வரேன்" என்று தம்பி மனைவி பின் சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள். பாவம், கார் கிளம்பினாலே அவளுக்குக் கண் சொருகிவிடும். வண்டி நகர்ந்து வெளிக்கேட்டருகே நின்றது. நான் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் குனிந்தார், கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார், நிமிர்ந்தார். வண்டி போய்விட்டது.

அந்தக் குனிவு எனக்குத் தெரிந்த குனிவு. மனசில் ஒரு முள் தைத்தது. ஆனால் வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, எடுத்துப் போட்டுவிட்டு நடந்தேன்.

குடோனில் நுழைந்தபோதே கூச்சல். எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கிராம் அண்ணன். ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. அன்று, முதல்நாள் போட்ட முந்திரிப் பொட்டலங்களை எல்லாம் பிரித்துவைத்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றிலும் எடை கூடுதல். எதிரே, வேலைக்குச் சேர்ந்து சில நாளே ஆன ஒருத்தி, கையைப் பிசைந்துகொண்டு.

"அள்ளற கரண்டிய தராசு மேல வச்சியா?"

"வச்சிருந்தேன் அண்ணா."

"வச்சுட்டு ஜீரோ அமுக்கினியா?"

"ஏதோ நம்பர் காட்டிச்சு. அமுக்கினேன், போயிடுச்சு."

"போகலம்மா!" கிராம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "எங்க போகும்? கரண்டி அங்கேயேதானே இருக்கு? இப்ப மேல என்ன இருக்கோ அதுதான் ஒண்ணுமில்லாததுன்னு தராசுக்கு நீ சொல்லிக் குடுத்திருக்க. அது பாவம், மிஷினு. நீ சொன்னத நம்பிடுச்சு. அப்புறம் கரண்டிய எடுத்துட்டு கொட்டினா அது காட்டறது எல்லாமே பொய். முதல்ல சரி பண்ணணும், அப்புறம் அமுக்கணும். அமுக்கிட்டா சரியாயிடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அமுக்கினேன், போயிடுச்சு. போச்சா, அவ்வளவுதான். கையில் இருந்த பொட்டலத்தைக் கீழே போட்டேன். அது எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

பின்வாசலில் எங்கள் சரக்கு வேன் நின்றிருந்தது. ஓட்டுநர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போய் மூச்சுவிடாமல் கேட்டேன். "அண்ணா, கார்ல டயர் லைட்டு எரியுதே, ஒரு பட்டன அமுக்கினா போயிடுதே, அது என்ன பட்டன்?"

"காத்து சரியா அடிச்சுட்டு அமுக்கறது. இதுதான் சரியான அளவு, இதுக்குக் கீழ போனா சொல்லுன்னு வண்டிக்குச் சொல்றது."

"காத்து அடிக்காம அமுக்கினா?"

"அப்ப அந்தக் கம்மி காத்துதான் சரின்னு வண்டி எடுத்துக்கும். வாய மூடிக்கும். அதுக்கும் கீழ இறங்கினாத்தான் மறுபடி சொல்லும்."

"மறுபடியும் அமுக்கினா?"

அவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "எந்த மடையன் அப்படிப் பண்ணுவான்?"

ஒருத்தர் இல்லை, இரண்டு பேர், ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர், மாற்றி மாற்றி என்று எப்படிச் சொல்வேன். "பண்ணினா என்னண்ணா ஆகும்?"

"ஊருக்குள்ள மெதுவா ஓடற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. பெரிய ரோட்டுல வேகமா போனாத்தான் வினை. காத்து கம்மியான டயரு மடங்கி மடங்கி சூடாகும். அதுலயும் இந்த வெயிலு, ஆளு, பாரம் எல்லாம் சேர்ந்தா..." அவர் கைவிரல்களைக் குவித்து விரித்துக் காட்டினார். "யாரு வண்டி?"

பெரிய ரோடு, வெயில், பாரம். ஒன்றுவிடாமல் எல்லாம் அந்த வண்டியில் இருந்தது, போதாததற்கு தையல் மெஷின் வேறு. கேட்டருகே இவர் குனிந்து நிமிர்ந்தது கண்முன் வந்தது. விளக்கு எரிந்திருக்கிறது. தம்பி அமுக்க மறந்து வண்டியை விட்டுவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறான். பின் சீட்டில் அவன் மனைவி உட்கார்ந்திருக்கும்போது அதைப் பேச்சாக்க வேண்டாம் என்று இவர் பெரிய மனசு பண்ணி அமுக்கியிருக்கிறார். இப்போது வண்டி எதுவும் சொல்லாது. சமர்த்தாக வாயை மூடிக்கொண்டு பெரிய ரோட்டில் பறந்துகொண்டிருக்கும்.

போனை எடுத்தேன். இவருக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

எடுக்க மாட்டார். அது என் சட்டம். முன்பு ஒருதடவை, வரும்போது தக்காளி வாங்கி வாங்க என்று சொல்ல நான் அழைத்து, அதை எடுக்கப்போய் ஒரு நாயை இடிக்கப் பார்த்தார். அன்றைக்கே மகள் தலையில் கையை வைத்து, வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். சொன்ன பேச்சு எதையும் கேட்காத மனிதர், இதை மட்டும் வேதமாகப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகும் நான் தக்காளிக்கும் உப்புக்கும் அழைப்பதை விடவில்லை. பார்த்துவிட்டு, சவாரி முடிந்ததும் திரும்ப அழைப்பார். என் பெயர் திரையில் வந்தால் அவருக்குத் தக்காளிதான் ஞாபகம் வரும்.

மறுபடி அடித்தேன். மறுபடி. 'வண்டிய நிறுத்துங்க' என்று எழுதி அனுப்பினேன். ஓட்டும்போது படிக்கவும் மாட்டார். தம்பி மனைவிக்கு அடித்தேன். அவள் போனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பாள், திடீரென்று மணி அடித்தால் வயிற்றுக்குள் பிள்ளை துள்ளுகிறதாம். மகளுக்கு அடித்தேன். பாதி மணி அடித்த பிறகுதான் உறைத்தது, அவள் போன் என் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. பரீட்சை முடியும்வரை தொடக்கூடாது என்று நான்தான் பிடுங்கி வைத்திருந்தேன். ஆக, அந்த வண்டிக்குப் போகிற எல்லா வழியையும் நானே என் கையால் அடைத்து வைத்திருக்கிறேன். அந்த நேரத்திலும் எனக்கு என்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்வாசலுக்கும் உள்ளேயுமாக அலைந்தேன். தராசு முன்னால் போய் நின்றேன், திரும்பி வந்தேன். தம்பியைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. அவனோ தூங்கும்போது போனை அணைத்துவிட்டுப் படுக்கிற ஜென்மம்.

"எங்கம்மா போற? பொட்டலம் யாரு போடறது?" என்று கிராம் அண்ணன் கத்தினார்.

"உயிர் போற அவசரம் அண்ணா" என்று சொன்னேன். சொன்ன பிறகு அந்த வார்த்தை என்னையே பிடித்து உலுக்கியது.

வீடு ரொம்ப தூரமில்லை. ஓடினால் ஓடுகிற தூரம்தான். ஆனால் ஓடி எத்தனை காலமாயிற்று. புடவை காலைத் தட்டியது, அள்ளிச் செருகிக்கொண்டேன். ஓடிக்கொண்டே அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும், எடுக்கவில்லை என்றால் இன்னும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு நிம்மதி. உடனேயே, இனி எடுக்கவே முடியாத நிலைமையாக இருந்தால் என்று இன்னொன்று. தெருமுனையில் ரேடியோ ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். "என்னக்கா ஓட்டம், யாருக்கு என்ன?" என்றார். இந்த மனிதரின் வாய்க்குப் பயந்துதானே என்று எரிச்சல் வந்தது. ஆனால் அவர் என்ன செய்வார். ஊர் வாய்க்குப் பயந்தவர்களுக்கு ஒரு காசு செலவில்லாமல் காற்றடித்துக்கொள்ள உலகத்தில் வேறு இடமா இல்லை.

மாடிப்படியில் ஏறி, தம்பி வீட்டுக் கதவை உடைக்கிற மாதிரி தட்டினேன். திறக்கவில்லை. இரண்டு கையாலும் தட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திறந்தான்.

"என்னக்கா, வலி எடுத்துடுச்சா அவளுக்கு?"

"டயர் லைட்ட அமுக்கினியாடா?"

"என்னது?"

"அந்த மஞ்ச லைட்டு. காத்து அடிக்காம அமுக்கினியா, இல்லையா?"

அவன் திருட்டு முழி முழித்தான். "அது எப்பவாவது... அத்தான் ஏதாவது சொன்னாரா?"

"அவரும் அமுக்கிட்டுத்தான் இருக்காரு. நீ ஒரு நாள், அவர் ஒரு நாள். இன்னிக்குக் காலையிலயும் கேட்டுகிட்ட வச்சு அமுக்கினாரு, நான் பார்த்தேன்." வேன் ஓட்டுநர் சொன்னதைச் சொன்னேன், அத்தான் போனை எடுக்காததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவனுக்குத் தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவனும் ஓட்டுகிறவன்தானே, எனக்குப் பாதி புரிந்ததை அவன் முழுசாகப் புரிந்துகொண்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வலது பக்கத்துப் பின் டயரு" என்றான் மெதுவாக. "ரெண்டு மூணு நாளா அந்தப் பக்கம் இழுக்குது. நான் ரோடு சரியில்லைன்னு நினைச்சேன்." பிறகு குரல் ஏறியது. "அவ அந்தப் பக்கம்தானே உக்காருவா? அவருக்கு அறிவில்ல? புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டுப் போறவரு கீழ இறங்கி டயர ஒரு உதை உதைச்சுப் பாக்க மாட்டாரா?"

"நீ பார்த்தியா? உன் பொண்டாட்டி போற வண்டிதானே? லைட்ட எரிய விட்டுட்டு வந்து குப்புறப் படுத்தவன்தானே நீ?"

சண்டை போட இது நேரமில்லை என்று எனக்கே உறைத்தது.

"அவருக்கு போன் போடு."

"உன் போனையே எடுக்கலைங்கற. என்னுதையா எடுப்பாரு? என் பேரப் பார்த்தாலே கட் பண்ணிடுவாரு."

"போடுறா!"

போனை உயிர்ப்பித்தான். அது விழித்து எழுவதற்குள் ஒரு யுகம் போனது. எண்ணைத் தேடினான். எட்டிப் பார்த்தேன். அத்தானின் எண்ணை 'பம்பர்' என்று சேமித்து வைத்திருந்தான். இன்னொரு நாளாக இருந்தால் அதற்கே அவனுக்கு இரண்டு அறை விழுந்திருக்கும். போனைச் சத்தமாக வைத்தான். மணி ஒரு தடவை அடித்தது. இரண்டாவது தடவை பாதியில் நின்றது.

கட் ஆகிவிட்டது.

தம்பி என்னைப் பார்த்தான். "சொன்னேன்ல" என்றான். அழுகிற குரல். "சொன்னேன்லக்கா."

நான் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கப் போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆண்டவனே என்று வாய்விட்டுச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. யாருக்குச் சொல்வது, எந்த ரோட்டில் எந்த இடத்தில் என்று யாரைப் போய்த் தேடச் சொல்வது. அந்த வண்டியில் என் வீட்டில் எனக்கென்று இருக்கிற எல்லாமே போய்க்கொண்டிருந்தது. இன்னும் முகம் பார்க்காத ஒன்றும் அதில் இருந்தது.

போன் அடித்தது. திரையில் 'பம்பர்'.

நான்தான் அமுக்கினேன்.

"மாப்ள." இவர் குரல். அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. "அக்காவுக்கு என்னடா ஆச்சு?"

தம்பி போனை வாயருகே கொண்டுபோனான்.

"சொல்லுடா. விடாம போன் வந்துட்டே இருந்தது அவகிட்டருந்து. ஏதோ தக்காளின்னு விட்டுட்டேன். அப்புறம் உன் பேரு வருது. நீ எனக்குக் கூப்பிடுறேன்னா... அவ இருக்காளா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"அத்தான், வண்டிய ஓரம் கட்டுங்க. முதல்ல நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன்டா. உன் பேரப் பார்த்ததுமே நிறுத்திட்டேன். நிறுத்திட்டுத்தானே கூப்பிடுறேன்."

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தம்பி அப்போதுதான் மூச்சுவிட்டான், பிறகு கடகடவென்று கொட்டினான். "அக்கா நல்லாருக்கா. என் பக்கத்துலதான் இருக்கா. அத்தான், இறங்கி வலது பக்கத்துப் பின் டயரப் பாருங்க. உடனே பாருங்க."

கதவு திறக்கிற சத்தம். பெரிய வண்டிகள் இரைந்துகொண்டு போகிற சத்தம். பிறகு தள்ளி எங்கேயோ என் மகளின் குரல். "அப்பா, இது ஏன் இப்படிப் பக்கவாட்டுல புடைச்சிருக்கு? ஐயோ, சுடுதுப்பா, தொட முடியல."

இவர் போனுக்குத் திரும்பி வந்தார்.

"லைட்டே எரியலையேடா மாப்ள" என்றார்.

"எப்படி எரியும் அத்தான். நாந்தான் அமுக்கி அமுக்கி வச்சிருந்தேன்."

"நானுந்தான்டா." ஒரு லாரி கடந்து போகிறவரை நிறுத்தினார். "காலையில கேட்டுகிட்ட வச்சு. உன் பொண்டாட்டிய பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு."

தம்பி சுவரோரமாகச் சரிந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கன்னம் நனைந்திருந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. "அவ எப்படி இருக்கா?" என்றான்.

மகளின் குரல் குறுக்கே வந்தது. "அத்தை தூங்கறாங்க மாமா. ஒண்ணுமே தெரியாது அவங்களுக்கு. எழுப்பவா?"

"எழுப்பாத!" என்று அங்கிருந்து இவரும் இங்கிருந்து அவனும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

இத்தனை மாதம் கழித்து இருவருக்கும் ஒத்துப்போன முதல் விஷயம். அதுவும் தப்பு. வண்டியைத் தூக்கி டயர் மாற்ற வேண்டாமா, அவளைச் சீட்டில் வைத்துக்கொண்டேவா தூக்குவார்கள்? அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

தம்பி அதற்குள் எழுந்து சட்டையைத் தேடத் தொடங்கியிருந்தான். "ஸ்டெப்னில காத்து இருக்கான்னு பாருங்க அத்தான். அதையும் ரெண்டு பேருமே பார்த்திருக்க மாட்டோம். நான் ரேடியோகிட்ட பம்ப் வாங்கிக்கிட்டு அவர் பைக்கிலயே வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் நகராதீங்க."

"ரேடியோகிட்டயா? ஊருக்கே தெரிஞ்சுடுமேடா."

"தெரியட்டும் அத்தான்."

"சரி, தெரியட்டும்" என்றார் இவர். பிறகு, "அவ பக்கத்துல இருக்கான்னு சொன்னியே, சத்தத்தையே காணோம்" என்றார்.

தம்பி போனை என் மடியில் வைத்துவிட்டுக் கீழே ஓடினான். அதை எடுத்துக் காதில் வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரைத் திட்டுவதற்கு எனக்குச் சொல் பஞ்சம் வந்ததே கிடையாது. இப்போது முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

"இருக்கியா?" என்றார்.

"ம்."

"ம்-னா போதாது. ஏதாவது திட்டு. அப்பத்தான் எனக்கு நம்பிக்கை வரும்."

மூக்கைச் சிந்திக்கொண்டேன். "முதல்ல அவள எழுப்பி நிழல்ல உக்கார வைங்க. தூங்கறா தூங்கறான்னு தாலாட்டு பாடிக்கிட்டிருக்காம. டயர மாத்துங்க. நாலுலயும் காத்து அடிங்க. அடிச்சதுக்கு அப்புறம்தான் அந்தப் பட்டன்ல கை வைக்கணும். சாயங்காலம் வந்து சாவிய ஆணியில மாட்டினீங்கன்னா அந்த ஆணிய புடுங்கிடுவேன். அவன் கையில குடுங்க."

"சரி" என்றார். "இன்னும் கொஞ்சம் திட்டு."